பெயரும் பிறப்பும்

கோலாலம்பூரில் ஜாவா வீதி என்று வழங்கி வந்த தெருவுக்கு, ஜப்பானியர் ஆட்சி ஒழிந்த பின்னர், மவுண்ட்பேட்டன் சாலை என்று பெயர் சூட்டினர். இன்று அப்பெயரும் போய் அது துன் பேராக் சாலையாகிவிட்டது. சிங்கப்பூரிலோ மவுண்ட்பேட்டன் சாலை இன்னும் அப்பெயரோடே இருக்கின்றது. 1945 செப்டம்பர் 12-ந் தேதி சிங்கப்பூர் நகராண்மைக் கழக மாளிகையில் ஜப்பானியரின் சரணாகதியை ஏற்ற தளபதியின் பெயர் அது. நம்மவர் அதை அசல் ஆங்கிலப் பெயரென்றே எண்ணி வந்திருக்கின்றனர். உண்மையில் அது, 1917-ல் ஜெர்மானியக் குடும்பப் பெயரொன்றைப் பாதியாக உடைத்து, ஒரு பாதியை மட்டும் ஆங்கிலமாக்கிச் செய்த பெயர். அச்சத்தில் பிறந்த பெயர் என்று சொன்னாலும் தவறாகாது.

ஒருவன் தன் குடும்பப் பெயரை விட்டுவிடுவது மானக்கேடா? பெயரில் பெருமையோ சிறுமையோ ஒட்டிக்கொண்டிருக்கின்றதா? இக்கேள்விகளை ஆராய்வதற்கு இந்தக் குடும்பத்தைக் காட்டிலும் ஏற்றதொரு சான்று நமக்குத் தென்படவில்லை.

ஜெர்மனியில் ஹெஸ்ஸே நாட்டிலே, ஏடர் ஆற்றங்கரையில், பாட்டன்பெர்க் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரின் பெயரைத் தாங்கிய பழைய பிரபு வமிசம் இடைக்காலத்திலேயே அற்றுப்போயிற்று. உடையவரின்றிக் கிடந்த அப்பெயரை 1851-ல் எடுத்து ஒரு பெண்ணுக்குக் கொடுத்தனர். அவள் பெயர் ஜூலியா ஹௌகே. அவளுடைய முன்னோர் ஜெர்மனியிலிருந்து போலந்துக்குக் குடியேறியவர்கள். தந்தை ரஷ்யச் சக்கரவர்த்தியின் கீழ்ப் பணியாற்றிய தளபதி. 1830-ஆம் ஆண்டு வார்சா நகரில் எழுந்த புரட்சியிலே கொல்லப்பட்டார். ஆதரவிழந்த மகள் ரஷ்ய அரண்மனையில் பட்டத்து இளவரசியின் தோழியாக அமர்ந்தாள். அவ்விளவரசியின் தமையனே ஹெஸ்ஸே நாட்டு இளவரசர் அலெக்சாந்தர். இருவரும் காதலித்து மணந்தனர்.

இதில் குற்றம் என்ன? ஆளும் குலத்தவன் ஆளும் குலத்திலேயே பெண்ணெடுக்க வேண்டும் என்பது அக்காலத்து ஜெர்மானிய மன்னர் குடும்பங்களின் விதி. 'சம பிறப்பு' என்று அதற்கு அழகானதொரு பெயரும் வைத்திருந்தனர்! சம பிறப்பில்லாதவளை மணந்தால் மணம் செல்லும். ஆனால் மனைவிக்குக் கணவனின் பட்டமில்லை, பிள்ளைகளுக்குத் தந்தையின் குலப்பெயரில்லை, பட்டத்துரிமையுமில்லை. இத்தகைய விதியைக் கேட்டு நம் நாட்டார் வியப்படையமாட்டார்கள். இதற்குரிய சொற்கள் நம்மிடமும் போதிய அளவு இருக்கின்றன. எனவே பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு பெயர் தேட வேண்டியதாயிற்று. அவ்வாறு தேடி எடுத்ததே பாட்டன்பெர்க். தமிழ்ச் செவிக்கு அது பாட்டன் பெயர் போல ஒலிக்கின்றது. நம் வழக்கில் பாட்டன் பெயரைத் தாங்குவதனால்தான் பெயரன் என்கிறோம். இங்கேயோ, பாட்டன் பெயரைப் பேரனுக்குத் தரலாகாது என்பதற்காகவே இப்பெயர் பிறந்தது. கௌரவத்திற்கு இட்ட பெயரன்று, வேலியாக இட்ட பெயர்.

வேலிக்கு வெளியே வளர்ந்த பிள்ளைகள் ஊரை விட்டு வெளியேறினர். ஒருவர் 1879-ல் பல்கேரிய நாட்டின் அரசுப் பொறுப்பேற்று, ஏழாண்டுகளில் அதை இழந்தார். மற்றொருவர் இராணி விக்டோரியாவின் கடைசி மகளை மணந்தார். மூத்த மகன் லூயி, 1868-ல் பதினான்கு வயதுச் சிறுவனாகப் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றுக் கடற்படையில் சேர்ந்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்து, 1912-ல் பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்தார். 1914 ஜூலை மாதக் கடைசியில், ஒத்திகைக்காகக் கூடியிருந்த கப்பல்கள் கலைந்து செல்லவிருந்த வேளையில், கலைய வேண்டாமென்று கட்டளையிட்டவர் அவரே. ஒன்பது நாட்களில் போர் மூண்டது; கடற்படையோ ஆயத்தமாக நின்றது.

இத்தனை செய்தும் பயனென்ன? அவர் பெயர் ஜெர்மானியப் பெயர்! பத்திரிகைகள் முணுமுணுத்தன, ஊர் பேர் தெரியாத கடிதங்கள் பறந்தன. கப்பல்கள் மூழ்கிய செய்தி வரும்போதெல்லாம் ஜனங்களின் பார்வை அவர் பக்கம் திரும்பிற்று. அக்டோபர் மாத இறுதியில் அவர் பதவியைத் துறந்தார். தமது பிறப்பும் பெற்றோருமே தம் பயனைக் குறைத்துவிட்டன என்ற கருத்துப்பட எழுதிக் கொடுத்தார். இதே வாரத்தில், அக்டோபர் 27-ந் தேதி, ஈப்ர போர்க்களத்தில் பிரிட்டிஷ் சேனையின் இளம் அதிகாரி ஒருவர் வீழ்ந்து மடிந்தார். அவர் பெயர் மாரிஸ் பாட்டன்பெர்க். லூயியின் தம்பி மகன். அண்ணன் மகனாகவும் தம்பி மகனாகவும் எத்தனையோ பேர் அன்று மடிந்தனர். ஆனால் இக்குடும்பத்தின் நிலை வேறு. ஒரே பெயர்: லண்டனில் அது துரோகத்தின் அடையாளம், ஈப்ர மண்ணில் அது தியாகத்தின் அடையாளம். பெயருக்குக் குணமுண்டு என்று வாதிடுவோர் இதற்கு என்ன விடை கூறுவர் என்று கேட்க விரும்புகின்றோம்.

1917-ல் நிலைமை இன்னும் முற்றியது. 'கோத்தா' என்னும் ஜெர்மானிய விமானங்கள் ஜூன் மாதத்தில் லண்டன் மீது குண்டு வீசின. அரச குடும்பத்தின் பெயரிலும் அந்தக் கோத்தா என்ற சொல் இருந்தது! ஜூலையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தம் குடும்பப் பெயரை விண்ட்சர் என்று மாற்றினார். ஜெர்மானியப் பட்டம் தாங்கிய உறவினரையும் மாற்றிக்கொள்ளச் செய்தார். பெர்க் என்றால் மலை, ஆங்கிலத்தில் மவுண்ட். மலையைப் பின்னாலிருந்து முன்னால் கொணர்ந்து வைத்து, மவுண்ட்பேட்டன் ஆக்கினர். பாட்டன்பெர்க் என்ற பெயரில் ஆங்கிலேயர் உண்ணும் கட்டம் போட்ட கேக்கு ஒன்றுண்டு. அதன் பெயரை மாற்ற வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை போலும்.

லூயி செய்தது கோழைத்தனமா? பெற்ற தாய்க்கென இட்ட பெயரை மகன் விட்டான் என்று கடிந்துரைப்போர் உண்டு. நாம் அக்கட்சியினர் அல்லோம். அப்பெயர் அவருக்குத் தாயின் அன்பினால் வந்ததன்று. தாயை இழிவுபடுத்திய விதியினால் வந்தது. அதைக் காப்பாற்ற வேண்டிய கடமை அவருக்கு எங்கிருந்து வந்தது? மேலும், வீட்டின் மீது கல் விழும்போது கூரையைத் தாழ்த்திக்கொள்பவனைக் குறை கூறுமுன், கல்லெறிபவனின் கையைப் பிடிப்பதன்றோ முறை? ஆனால் நம் மனத்தை உறுத்துவது வேறொன்று.

அதே ஆங்கில நாட்டில் அந்நாளில் ஜெர்மானியப் பெயரோடு ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர். ரொட்டி சுட்டவர்கள், இறைச்சிக் கடைக்காரர்கள், முடி திருத்துவோர், உணவு விடுதிப் பணியாளர்கள். பலர் ஆங்கிலப் பெண்களை மணந்து, பிள்ளைகளைப் பெற்று, அம்மண்ணையே தம் மண்ணாகக் கொண்டவர்கள். 1914 அக்டோபரில் பிரிட்டிஷ் சர்க்கார் ஓர் ஆணை பிறப்பித்தது: எதிரி நாட்டுப் பிரஜை எவரும் போர் தொடங்கியபோது வழங்கிய பெயரை மாற்றிக்கொள்ளக் கூடாது! 1915 மே மாதம் லூசித்தானியா கப்பல் ஜெர்மானியரால் மூழ்கடிக்கப்பட்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். உடனே லிவர்ப்பூலிலும் லண்டனிலும் கூட்டம் திரண்டது. கடைப் பலகையிலிருந்த பெயரைப் படித்து, கண்ணாடியை உடைத்து, மாவு மூட்டைகளைத் தெருவில் கொட்டினர். பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றிருந்தவனும் தப்பவில்லை. பலகைக்குக் குடியுரிமைப் பத்திரம் தெரியுமா? போர்க்காலத்தில் மான் தீவின் நாக்கலோ முகாமில் மட்டும் 20,000-க்கு மேற்பட்டோர் முள்வேலிக்குள் அடைபட்டுக் கிடந்தனர்.

மன்னர் தம் பெயரை மாற்றிய ஆண்டிலும் அந்த ரொட்டிக் கடைக்காரனுக்கு அத்தடை நீங்கவில்லை. 1919-ல் வந்த சட்டம் அதை அயல்நாட்டார் அனைவர்க்கும் விரித்தது. பிரிட்டிஷ் பிரஜை என்பதும் அல்ல என்பதும் சட்டத்தில் வேறு என்பதை நாம் அறிவோம். ஆயினும், கல்லடிக்கு அஞ்சிய இருவரில் ஒருவருக்குப் புதிய பெயரும் அதனோடு மார்க்குவிஸ் பட்டமும், மற்றவனுக்குப் பழைய பெயரும் அதனோடு முள்வேலியும் என்றால், அதைச் சட்டத்தின் பெயரால் மட்டும் நம்மால் ஏற்க முடியவில்லை. பெயரை மாற்றுவது தவறென்றால் இருவருக்கும் தவறு. தவறில்லை என்றால் அந்த ஏழைக்கு ஏன் மறுத்தனர்?

மவுண்ட்பேட்டனான லூயி 1921-ல் இறந்தார். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே கடற்படையின் மிக உயர்ந்த பட்டம் அவருக்குக் கொடுக்கப்பட்டது. தந்தை பதவி துறந்தபோது பதினான்கு வயது மாணவனாகக் கடற்படைப் பள்ளியில் இருந்த இளைய மகனும் லூயி என்ற பெயரினரே; சிங்கப்பூர் வந்தவர் அவர்தாம். 1947-ல் இந்தியாவின் கடைசி வைசிராய் ஆனார். 1955-ல் தந்தை விட்டு வந்த அதே கடற்படைத் தலைமைப் பதவியில் அமர்ந்தார். அப்போது அவருடைய பெயரைக் குறித்து எவரும் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் பெற்றோர் வழியிலோ, மொழியறிவிலோ, நாட்டுப் பற்றிலோ பெரிய வேற்றுமை இல்லை. இடையில் மாறியவை ஒரு பெயரும் ஊராரின் மனநிலையுமே.

அவருடைய தமக்கை ஆலிஸ், கிரேக்க அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். ஆலிஸின் மகன் பிலிப், 1947-ல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றபோது, தந்தை வழிப் பெயரை விட்டுத் தாய் வழிப் பெயரான மவுண்ட்பேட்டனை ஏற்றார். அவ்வாண்டே இளவரசி எலிசபெத்தை மணந்தார். அவர்களுடைய மகன் 2022-ல் மூன்றாம் சார்ல்ஸ் என்று அரியணை ஏறினார். சம பிறப்பில்லாதவள் என்று ஒதுக்கப்பட்டு, பாழ்பட்ட ஊர்ப்பெயர் ஒன்றைப் பிள்ளைகளுக்காகப் பெற்றுக்கொண்டாளே ஜூலியா ஹௌகே, அவளுடைய மகனின் மகளுக்குப் பேரன் அவர்.