தோட்டம் யாருக்கு?

இளைஞர்களே, ஒரு கேள்வி. காசு கொடுத்து வாங்கிய செடி நமக்கு மட்டும்தான் சொந்தமா? நம் விருப்பத்துக்கு அதை எவ்வளவு தூரம் மாற்றலாம்?

மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்த எனக்கு இந்தக் கேள்வியை எழுப்பியது எக்கினேசியா என்ற பூச்செடி. வட அமெரிக்கப் புல்வெளிகளில் வளர்வது. ஊதா கலந்த இளஞ்சிவப்பு இதழ்கள், நடுவில் முள்ளு முள்ளாக ஒரு கூம்பு. இயல்பாக 3, 4 அடி வளரும். என் வாடகை வீட்டுத் தோட்டமோ ஒரு கார் நிறுத்துற அளவுகூட இல்லை. அதனால் 'பவ்வவ் வைல்ட் பெர்ரி' என்ற குட்டை ரகத்தை நட்டேன். ஏறக்குறைய ஒன்றரை அடிதான். வெயில் நல்லா படணும், வேரில் தண்ணி தேங்கக் கூடாது, அவ்வளவுதான்.

"இயற்கையைக் குட்டையாக்குவது தப்பில்லையா?" என்று ஒரு தோழி கேட்டாள். நான் அப்படி நினைக்கல. அந்தக் கூம்பு பல நூறு குட்டிப் பூக்களின் கூட்டம். தேனும் மகரந்தமும் அங்கேதான். செடி குட்டையானாலும் கூம்பு அப்படியே இருக்கு, தேனீயும் வருது. உயரம் குறைந்ததால் யார் சாப்பாடும் போகல.

ஆனால் கடையில் அடுக்கு ரகமும் விற்கிறார்கள். கூம்பே இதழாக மாறியிருக்கும். பார்க்க அழகோ அழகு! தேனீக்கு மட்டும் அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பந்தல் போட்டு, வாழை இலையும் போட்டு, சோறு பரிமாறாமல் அனுப்புற மாதிரி. நம் வசதிக்கு மாற்றலாம். அடுத்த உயிரின் பங்கை எடுக்கும் இடத்தில் நிற்கணும். என் கோடு இதுதான்.

"என் தோட்டம், என் காசு, கண்ணுக்கு அழகு வேணாமா?" என்று கேட்கலாம். வேணும்தான். ஆனால் இல்லறத்தான் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளில் பூத யக்ஞமும் ஒன்று, மற்ற உயிர்களுக்கு உணவிடுவது. பாட்டி அரிசி மாவில் கோலம் போட்டதில் அழகும் இருந்தது, எறும்புக்குச் சாப்பாடும் இருந்தது. அதனால்தான் வாடிய கூம்புகளையும் நான் வெட்டுவதில்லை. தோட்டம் கொஞ்சம் அலங்கோலமாத் தெரியும். ஆனால் கோல்ட்ஃபிஞ்ச் என்ற மஞ்சள் குருவி விதை கொத்த வரும்.

எக்கினேசியாவுக்குக் குளிர்காலம் தேவை. நம் மலேசிய வெப்பத்தில் நிலைப்பது கஷ்டம். ஆனால் இதே தேர்வு நம்ம வீட்டுச் செம்பருத்தியிலும் இருக்கு. 1960-இல் தேசிய மலரான ஐந்திதழ்ப் பூவும் உண்டு, கேசரங்கள் இதழாக மாறிய அடுக்குப் பூவும் உண்டு. அடுத்த முறை செடி வாங்கும்போது ஒரு நிமிஷம் யோசிங்க: எனக்கு அழகு இருக்கு, வேற யாருக்காவது இதுல சாப்பாடு இருக்கா?