பார்த்துக்கொள்ளுதல்

என் வேலை என்ன என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த இன்னும் முடியவில்லை. யூதப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் ஒரு கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். மாணவர்கள் எல்லோரும் இணையவழியில் படிப்பவர்கள்.

"அப்ப நீ படிப்பிக்கிறேல்லையோ?"

இல்லை.

"கல்லூரிக்குப் போறேல்லையோ?"

இல்லை அம்மா, பேஸ்மென்டில் இருந்துதான் வேலை.

"அந்தப் பிள்ளையளைக் கண்டதே இல்லையோ? பிறகு என்னெண்டு பார்த்துக்கொள்ளுறாய்?"

அம்மா சாதாரணமாகக் கேட்டதுதான். பல மாதங்களாக அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன்.

அம்மா 'பிள்ளையள்' என்று சொல்பவர்களில் பலர் என் வயதுக்காரர். பகலில் படிப்பித்துவிட்டு, தங்கள் பிள்ளைகள் நித்திரையான பிறகு படிக்க உட்காருகிறவர்கள். ஒருவர் வின்னிபெக்கில், ஒருவர் ஜொகானஸ்பேர்க்கில், இன்னொருவர் மெல்பேர்னில். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் சனி இரவு வரை அவர்கள் கணினியைத் தொடமாட்டார்கள். டிசம்பரில் வின்னிபெக்கில் மாலை 4.30 மணிக்கே சூரியன் போய்விடும். மெல்பேர்னில் அப்போது கோடை, எட்டரை மணி தாண்டும். 'வெள்ளி நள்ளிரவுக்குள் ஒப்படைக்கவும்' என்று எழுதும் வழக்கமான அறிவித்தல் இங்கே அபத்தம். சைவக்காரனான எனக்கு இந்த நாட்காட்டி பழக ஒரு வருடம் எடுத்தது. வெள்ளிக்கிழமைக்கென்று தனி ஒழுங்கு இருப்பது மட்டும் புதிதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் அன்று மீன் இல்லை.

அவர்களுடைய மரபில் படிப்பது தனியாகச் செய்யும் காரியம் அல்ல. இரண்டு பேர் ஒரு நூலை நடுவில் வைத்து, எதிரெதிரே இருந்து, சத்தமாக வாதாடிப் படிப்பார்கள். அதற்கு ஹவ்ரூத்தா என்று பெயர். தோழமை என்ற பொருள் தரும் அரமேயச் சொல். எதிரே இருப்பவரின் முகம் அந்தப் படிப்பின் ஒரு பகுதி. அப்படிப்பட்ட மரபைச் சேர்ந்தவர்கள் இன்று தனித்தனி அறைகளில், தனித்தனி நேரங்களில் படிக்கிறார்கள். எனக்கு அவர்களின் முகத்துக்குப் பதிலாக ஒரு அட்டவணை கிடைக்கிறது. யார் எந்த நாள், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எந்தப் பக்கத்தைத் திறந்தார், எத்தனை நிமிடம் நின்றார் என்று எல்லாம் அதில் இருக்கும். பத்து நாள் வராவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி விழும். முன்வரிசை மாணவியைப் பற்றிக்கூட எந்த வாத்தியாருக்கும் இவ்வளவு தெரிந்திருக்காது.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறிய ஊரொன்றில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. பாடங்கள் எல்லாம் முடிந்து இறுதி ஆய்வு மட்டும் மிச்சம். திடீரென்று எழுதுவதை நிறுத்திவிட்டார். சிவப்புப் புள்ளி விழுந்தது. "அவசரமில்லை, நாங்கள் இருக்கிறோம்" என்று எழுதினேன். நன்றி என்று பதில் வந்தது. பிறகு அவருடைய அப்பா நோயில் விழுந்து, இறந்துபோனார். யூதர்கள் ஏழு நாள் துக்கம் காப்பார்கள். அந்த நாட்களில் வேதம் படிப்பதும் விலக்கு. படிப்பு மகிழ்ச்சி தரும் என்பதே காரணம். எங்கள் ஊரில் 31 நாள் துடக்குக் காத்து வளர்ந்தவனுக்கு அது உடனே விளங்கியது. செத்தவீட்டில் போய் ஆய்வைப் பற்றிக் கேட்பதா? தவணையை நீட்டினேன். அடுத்த முறையும் நீட்டினேன். இப்படி நான்கு தவணைகள். ஒவ்வொரு தவணைக்கும் அவர் கட்டணம் கட்டினார்.

அந்த மாதங்கள் முழுவதும் அட்டவணை எனக்கு ஒன்றைக் காட்டிக்கொண்டே இருந்தது. பெரும்பாலான இரவுகளில் இரண்டு மணியளவில் அவர் உள்ளே வருவார். தன்னுடைய ஆய்வுக் கோப்பைத் திறப்பார். மூன்று, நான்கு நிமிடத்தில் போய்விடுவார். நான் பார்த்தேன்; ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

கடைசியில் அவரே தொலைபேசியில் அழைத்தார். கோபமில்லாத குரல். "நிறுத்தலாம் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே" என்றார்.

நான் அன்பு என்று நினைத்துச் செய்ததற்கு வேறு பெயர் இருக்கிறதோ என்று அன்றுதான் யோசித்தேன். தமிழில் பார்வையோடு சேர்ந்த இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று பார்த்துக்கொள்ளுதல். மற்றது கண்காணித்தல். இரண்டாவதிலிருந்து வந்தவர்தான் கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் தன் ஊர்ச் சனங்களைக் கூட்டிக்கொண்டு போனவர். அவர்களுடைய மொழி தெரிந்தவர், குடும்பம் தெரிந்தவர், நல்லது கெட்டதுக்கு முன்னால் நின்றவர். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று அவருக்குக் காசும் கிடைத்தது. அவரிடம் அன்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் தோட்டத்தை விட்டுப் போவதற்கு உதவ அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

எனக்குத் தலைக்காசு இல்லை, மாதச் சம்பளம்தான். ஆனால் என் மாணவி நான்கு தவணை கட்டிய பணத்தில் அதுவும் அடங்கும். 'எத்தனை பேர் நிலைத்தார்கள்' என்று ஆண்டு முடிவில் என்னிடம் கேட்பார்கள். சரியான நேரத்தில் நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்டதில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. அவர் வளர்ந்த மனுஷி. மௌனமாக இருக்க அவருக்கு உரிமை உண்டு. ஏழு மாதம் ஒரு சொல்லும் எழுதாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்து நன்றாக முடித்த ஒருவரையும் எனக்குத் தெரியும். அவரிடம் இரண்டாம் மாதமே 'நிறுத்துங்கள்' என்று சொல்லியிருந்தால் அது பெரிய பிழை. அதிலும் சமய ஆசிரியர் என்றால், நிறுத்தச் சொல்வது 'இந்தப் பணிக்கு நீ தகுதி இல்லை' என்று கேட்கும். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவரைவிட்டால் வேறு ஆளும் இல்லை.

ஆகவே, நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கதவும் இருக்கிறது என்று காட்டியிருக்க வேண்டும். அதைக் காட்டாமல், நான்கு முறை ஒரே கதவை அன்போடு திறந்துவிட்டேன். அந்த முடிவு அவருடையது. அதை அவரிடம் கொடுக்காமல் நான் வைத்திருந்தேன்.

பார்ப்பதில் பிழையில்லை. பார்த்ததை யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் இரண்டு சொற்களும் பிரிகின்றன. கங்காணி தான் கண்டதைத் துரையிடம் சொல்வார். "இரண்டு மணிக்கு வந்துபோகிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது, நித்திரை இல்லையா?" என்று நான் அவரிடமே கேட்டிருந்தால், 'உனக்கென்ன?' என்று அவர் கோபித்திருக்கலாம். அந்தக் கோபத்தை வாங்குவதும் என் வேலைதான். பார்த்ததைத் தன்மேல் ஏற்றுக்கொள்வதற்குத்தான் அந்தச் சொல்லில் 'கொள்' இருக்கிறது.

இப்போது முதல் சந்திப்பிலேயே, திரை எனக்கு எதையெல்லாம் காட்டும் என்று சொல்லிவிடுகிறேன். அதைப் பற்றிக் கேட்கலாமா என்றும் கேட்கிறேன். பெரும்பாலானோர் சரி என்கிறார்கள். ஒருவர் வேண்டாம் என்றார், அவரிடம் கேட்பதில்லை. தவணைக் கடிதத்தில் மூன்று வரிகள் எழுதுகிறேன்: தொடரலாம், ஒரு வருடம் விடுப்பு எடுக்கலாம், நிறுத்தலாம். பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு. மூன்றாவது வரி தேவையா என்று மேலிடத்தில் ஒருமுறை கேட்டார்கள். தேவை என்றேன். இதுவரை அது இருக்கிறது.

அந்த மாணவி நிறுத்திவிட்டார். இன்னும் இரண்டாம் வகுப்புக்குத்தான் படிப்பிக்கிறார். இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னபோது கல்லூரி, கட்டணம், கங்காணி எதையும் அவர் பெரிதாக எடுக்கவில்லை.

"அந்தப் பிள்ளை இப்ப நித்திரை கொள்ளுதோ?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. பட்டியலிலிருந்து பெயர் போனதோடு நானும் விட்டுவிட்டேன். அன்றிரவு அவருக்கு எழுதினேன்.