மூலநிரலும் உரையளவையும்

ஒன்றை உள்ளவாறு அறிவதற்குரிய வழியை அளவை எனக் கூறும் சைவ சித்தாந்தம், பத்துவரை விரித்து எண்ணப்படும் அளவைகளைக் காண்டல் (நேரே அறிதல்), கருதல் (ஊகித்து அறிதல்), உரை (நம்பத்தக்கவர் சொல்லால் அறிதல்) என்னும் மூன்றனுள் அடக்குகிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் இதனைத் தொடக்கத்திலேயே ஆராய்கிறது. கொழும்பு ஜிந்துப்பிட்டியின் கோவிற் சூழலில் சித்தாந்தம் கேட்டு வளர்ந்து கணினித் துறைக்குச் செல்லும் இளைஞருக்கு இங்கே ஒரு வினா எழக்கூடும்: ஒரு மென்பொருளின் மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய கட்டளைத் தொகுதியை, இணைய உலாவியில் திறந்து படிப்பவர் பெறும் அறிவு காண்டலா, உரையா?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய சஹானா, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரண அமைப்புகளையும் பதியும் மென்பொருள். அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்திருந்தமையால், ஒரு பெயர் எவ்வாறு தேடப்படுகிறது என்பதை எவரும் வரிவரியாகப் பார்க்கலாம்; ஆதலின் அது காண்டல் என்றே முதலில் தோன்றும்.

இத்தகைய நிரலைத் தேடிப் படிக்க உதவும் கருவி நிறுவப்படும் முறையே அத்தோற்றத்தைக் கலைத்துவிடுகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் தோன்றிய ஓப்பன்குரோக் என்னும் கருவிக்கு ஜாவாவும், ஜாவா வலைச்செயலிகளை இயக்கும் டொம்காட் போன்ற சேவரும், எந்தப் பெயர் எந்த வரியில் வரையறுக்கப்பட்டது எனப் பிரித்துக் காட்டும் யுனிவர்சல் சிடாக்ஸும் வேண்டும். நிறுவுபவர் மூலநிரலுக்கு ஒரு கோப்புறையையும் தரவுக்கு வேறொன்றையும் குறித்து அட்டவணையாக்கியை ஓட்ட, அது கோப்புகளைப் படித்துச் சொல்லடைவு ஒன்றை எழுதி, அமைப்புகளை ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் பதிகிறது. வாசகர் தேடும்போது கருவி நாடுவது இவ்வடைவையே. அடைவு எழுதப்பட்ட பின் நிரல் திருத்தப்பட்டிருந்தால், தேடலில் பழைய நிலையே நடப்பு நிலையாகத் தோன்றும். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் இதனைச் சித்தாந்தம் திரிபு என்னும். ஒரே பெயரில் இரு செயற்கூறுகள் வந்து இதுவோ அதுவோ என மயக்கினால் அது ஐயம். நிறுவுபவர் சில கோப்புறைகளை விலக்கி அமைத்திருந்தாலோ, தேடுபவருக்கு அவை இல்லாதவையே ஆகின்றன. இதுவே மிகக் கொடிது, ஏனெனில் ஐயுறுவதற்குக்கூட இது இடம் வைப்பதில்லை.

ஆகவே உலாவியில் தெரிவது காண்டலன்று, நிறுவியவரின் உரை; பயன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் சஹானா போன்ற மென்பொருள் இதே நிரலைக் கொண்டது என்பதோ வெறும் கருதல். இறைவன் வாக்காகிய ஆகமத்துக்கு உரிய அளவையை ஒரு கணினிக் கருவிக்குப் பொருத்துவது சித்தாந்திகளுக்கு உவப்பாயிராது என்பது உண்மையே; எனினும் உரையின் வலிமை சொல்பவரின் நம்பகத்தில் தங்கியுள்ளது என்னும் இலக்கணம் மனிதர் சொல்லுக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். அடைவு எழுதப்பட்ட நாளையும் விலக்கப்பட்ட கோப்புறைகளின் பட்டியலையும் முகப்புப் பக்கத்தில் வெளியிடாத நிறுவுநர், எத்துணைத் திறமையாகக் கருவியை அமைத்திருந்தாலும், தம் வேலையை முடித்தவராகார்.