பிணியாளர்க்குத் துணை: சலுகையா, உரிமையா?

நோயுற்று மருத்துவமனை புகுந்த ஒருவர், தமக்கு வேண்டியவர் ஒருவர் அருகிருத்தல் வேண்டுமெனக் கேட்பாராயின், அது சலுகையா, உரிமையா?

கூட்டம் மிகும், தொற்றுப் பரவும், மருத்துவர் பணிக்கு இடையூறாகும் என்பர் மறுப்போர். அதனை முற்றும் புறந்தள்ளலாகாது. 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில் உறவினரை வார்டுக்குள் விடாமைக்குக் காரணமிருந்தது. ஆயினும் ஆபத்துக் காலத்துத் தடையை எக்காலத்துக்கும் வழக்கமாக்குதல் முறையன்று.

துணையும் மருந்தாவதுண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளரின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரங்களில் உடன் தங்கச் செய்தார். நோயாளர் விரைந்து தேறினர். வீட்டாரும் நோயின் இயல்பறிந்து அச்சம் நீங்கினர். நம் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்திலும் குடும்பத்தார் உடன் தங்கிப் பேணும் முறை நெடுங்காலமாக உண்டு. அரசு மருத்துவமனைகளில் பிரசவ வேளையில் துணைப்பெண் ஒருவர் உடனிருக்க 2016இல் மத்திய அரசு இசைந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ, தம் சார்பில் நிற்பவரைத் தாமே நியமிக்கும் உரிமையை அளித்தது. அவர் உறவினராகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை.

ஈண்டு ஒன்று நோக்குக. உரிமை பிணியாளருடையது, அதனை ஏழை வீட்டார்மேல் வரியாக்கலாகாது. ஸ்டிரெச்சர் தள்ளவும் மலஜலம் எடுக்கவும் ஊழியரை வையாது, ஆளில்லாவிடில் சேர்க்கோம் என்பது துணையை மதித்தலன்று. கூலியின்றி வேலை வாங்குதலே. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு வேளை உலை ஏறாத வீடுகளை ஆலைத் தொழிலாளர் நாம் அறிவோம்.

இனி, யாருமற்றவர்க்கு யார் துணை? வயிற்றுநோயால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவன் கண்டு, ஆனந்தரை நீர் கொணரச் செய்து, தாம் நீர் வார்க்க அவர் கழுவ, இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்திய வரலாறு விநயத்தில் உளது. அவர் எமக்கு ஒன்றும் செய்ததில்லை, ஆதலின் யாமும் பேணவில்லை என்றனர் ஏனைய பிக்குகள். தாயும் தந்தையும் அருகில்லாத நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு எவர் பேணுவர் என வினவிய பகவன், தமக்குப் பணிசெய்ய விழைவோர் பிணியாளர்க்குச் செய்க எனப் பணித்தார்.

ஆகவே துணை கைம்மாறன்று, உறவின் கூலியுமன்று. துன்புறுகின்றார் என்பதொன்றே அதனைப் பெறுதற்குப் போதிய தகுதி. அடுத்தமுறை நம்மவரைக் காண மருத்துவமனை செல்லுங்கால், பார்க்க வருவாரின்றிக் கிடப்பவர் எவரென நர்சைக் கேட்டு, அவர்தம் விருப்பறிந்து, அரைமணி நேரம் அருகமர்வோமாக.