யாருடைய திராட்சைத் தோட்டம்?

அரசன் ஆகாபு நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை விலைக்குக் கேட்டான். முன்னோரின் சொத்தை விற்பதில்லை என்றான் நாபோத்து. அவனது உயிர் போயிற்று, சொல் மாறவில்லை.

நம் நாட்டில் அரச நிறுவனங்கள் தனியார் கைக்குப் போகும் பேச்சு எழும்போதெல்லாம் தொழிற்சங்கங்கள் நாபோத்தின் குரலில் பேசுகின்றன. மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க 2024ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தபோதும் அக்குரல் கேட்டது. அது பொதுநலத்தின் குரலா, தம் கதிரையைக் காக்கும் குரலா?

சங்கம் அமைப்பது தொழிலாளியின் இயற்கை உரிமை என்று பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இலேயே போதித்தார். மூலதனத்திற்கு முந்தியது உழைப்பு என்றார் 1981இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர். வேலைநிறுத்தம் நியாயமான வழியே. அதில் சேர்ந்தமைக்காக எவரையும் தண்டித்தலாகாது. ஆனால் அது கடைசி வழி. மக்களுக்கு அத்தியாவசியமான சேவை நின்றுபோகக் கூடாது என்றும் அவரே எழுதினார்.

இப்போதனையின் முதற் பகுதியை ஆட்சியாளர் மறந்தால் என்ன நேரும் என்பதை 1980 ஜூலை காட்டிற்று. 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஏறக்குறைய 40,000 பேர் வேலையிழந்தனர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் அடுப்பு அணைந்தது.

இரண்டாம் பகுதியைச் சங்கங்கள் மறக்கலாகாது. கச்சேரியில் காலை தொடக்கம் மாலைவரை காத்திருந்து வெறுங்கையோடு திரும்பும் விதவைக்கு அது 'பொதுச் சொத்து' என்பதால் என்ன ஆறுதல்? மலையகத் தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போயிற்று. எசமான் இருமுறை மாறியும் லயங்கள் மறையவில்லை. ஆகவே, சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பது மட்டும் கேள்வியன்று. அதனால் ஏழை வாழ்கிறானா என்பதே கேள்வி.

அதற்காக, 'நட்டம்' என்ற ஒரு சொல்லைக் காட்டி எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்பதல்ல. இலாபம் தராத கிராமத்துக்கும் பஸ் ஓடவேண்டும். கட்டணம் கட்ட வழியற்ற வீட்டுப் பிள்ளையும் விளக்கொளியில் படிக்கவேண்டும். இதைச் சந்தை தானாகச் செய்யாது. இதற்காகப் போராடும் சங்கம் நாபோத்தின் வழியில் நிற்கிறது.

நாபோத்தின் தோட்டம் அவனுடையது. அரச ஊழியரிடம் இருப்பதோ மக்கள் நம்பி ஒப்படைத்த தோட்டம். அதை விற்காதே என்று வீதியில் முழங்குபவன், மறுநாள் காலை அதில் மண்வெட்டியோடு நிற்கட்டும். அப்போது அவன் குரலோடு மக்கள் குரலும் சேரும்.

நம் குடும்பங்களிலும் அரச ஊழியர் பலர் உளர். சிந்திப்போம்.