மண்ணும் மன அமைதியும்

ஈப்போவில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்குக் காலடியில் சிமிண்டு, கண்ணெதிரே பேரேடு. மாதக்கணக்கில் மண்ணைத் தொடாமலே நம் காலம் கழிந்துவிடுகிறது. இரவில் தூக்கம் வராதபோது மாத்திரையைத் தேடுகிறோம்.

மண்ணைத் தொட்டால் மனம் ஆறும் என்று பெரியவர்கள் சொல்வதை இப்போது விஞ்ஞானமும் ஆராய்கிறது. 2007-ம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், மண்ணில் வாழும் ஒருவகைக் கிருமியைக் கொன்று எலிகளின் உடலில் செலுத்தினர். மனநிலையோடு சம்பந்தமுள்ள சில மூளை நரம்பணுக்கள் அதனால் தூண்டப்பட்டன. எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேரும் என்று துணிந்து சொல்வதற்கில்லை. ஆயினும், தண்ணீர் கிடைக்காதபோது தூய மண்ணைக் கொண்டு தயம்மும் செய்கிற நமக்கு, மண் அழுக்கன்று என்பதை எடுத்துச் சொல்லவா வேண்டும்?

ஆனால் ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது. மண்ணே அமைதி தருமென்றால், பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக மண்ணிலேயே நின்ற தமிழ் மக்களுக்கல்லவா அது மிகுதியாய்க் கிடைத்திருக்க வேண்டும்? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பனியில் மரம் வெட்டி, பால் வாளி சுமந்தவரிடம் மண்வாசனையின் பெருமை பேச எனக்கு நா எழவில்லை.

எங்கள் கடைக்கு அரிசி வாங்க வரும் முதியவர் ஒருவர் அப்படிப்பட்ட தோட்டத்தில் பிறந்தவர். ஒருநாள் கேட்டே விட்டேன். "வெட்டுக்காடு கனவில்கூட வர வேண்டாம், நானா. லயத்துக்குப் பின்னால் நான் போட்ட முருங்கையும் கத்தரிப் பாத்தியுந்தான் வருகிறது" என்றார்.

அதே மண்தான், அதே வியர்வைதான். அங்கே கங்காணி கணக்குப் பார்த்தார். இங்கே யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பாத்தியும் அவருக்குச் சொந்தமில்லை. 1950-களில் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது வேலையோடு வீடும் போயிற்று, வீட்டோடு பாத்தியும் போயிற்று. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, பால்வெட்டிய கைகளே சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களை வாங்க வழி செய்தது இதனாலேயே. கூலியைக் காட்டிலும் காலடி மண் தன்னுடையது என்ற நிம்மதி பெரிது என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நான் எண்ணுகிறேன். எல்லாத் தோட்டங்களுக்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; மக்கள் அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள்.

நமது முதியவர் இருப்பது நான்காம் மாடி. வெறும் எண்ணெய்த் தகரம் கேட்டு வந்தார், கறிவேப்பிலை வைக்க. கடைக்குப் பின்னால், சாக்கடை ஓரம் மூன்றடி மண் சும்மா கிடப்பதைக் காட்டினேன். இப்போது தினமும் காலையில் வந்து நத்தைகளைத் திட்டிக்கொண்டிருக்கிறார். பேரேட்டை விரிக்குமுன் நானும் சற்று அங்கே குந்துகிறேன். அந்த மூன்றடியும் வாடகை இடந்தான். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.