பளியர் என்னும் உரைகல்

சமூகத்தையும் அறிவியலாகப் படிக்கலாம் என்று சொல்லி, 1830களின் இறுதியில் அத்துறைக்குச் சமூகவியல் என்ற பெயரை நிலைநிறுத்தியவர் பிரெஞ்சு அறிஞர் அகுஸ்த் கோம்த். அதற்கு ஆய்வுமுறை வகுத்தவர் எமில் துர்கைம். எளிய சமூகங்களில் கூட்டு நம்பிக்கை தனிமனிதரை விழுங்கிவிடும், வேலைகள் பிரியப் பிரியவே தனித்தன்மை வளரும் என்று 1893இல் வெளியான நூலில் அவர் வாதிட்டார். தொல்குடிகளிடையே அவர் தங்கி ஆராய்ந்ததில்லை. பிறர் எழுதிய குறிப்புகளே அவருக்கு ஆதாரம்.

பழனி மலையில் பெரும்பாறையிலும் தாண்டிக்குடிப் பக்கத்து மலைச்சரிவுகளிலும் வாழும் பழங்குடியினரான பளியர் துர்கைமின் இந்தக் கருத்துக்கு நல்ல உரைகல். பழனி மலைப் பளியரைப் பற்றி டாமன் என்ற ஏசுசபைப் பாதிரியார் 1908லேயே ‘ஆந்த்ரோபோஸ்’ இதழில் எழுதினார். 1960களில் அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் பளியரிடையே தங்கி ஆராய்ந்தார். தேன் எடுத்தும் காட்டுவள்ளிக் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த அவர்களிடையே வேலைப் பிரிவினை மிகக் குறைவு. ஆனாலும் அங்கே கூட்டம் தனிமனிதரை விழுங்கிவிடவில்லை. ஒருவர் மற்றவரை அதிகாரம் செய்வதில்லை. சிறுவருக்கும் மரியாதை உண்டு. போட்டியை விரும்புவதில்லை. பூசல் மூண்டால் அடிதடி இல்லை, சம்பந்தப்பட்டவர் விலகி வேறிடம் போய்விடுவார். துர்கைமின் வாய்பாட்டுக்குள் இந்த மலைவாழ்க்கை அடங்கவில்லை.